அடிச்ச காசும் ஊத்துன காசும்

‘ராஜராஜ சோழன்’ என்று தமிழில் எழுதியிருந்த வெள்ளிக்காசு ஒன்றை 6,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. ரெண்டு முறை எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஒருவன் கையில் இருந்த காசு இப்போது என் கையில் இருக்கிறது, அதுவும் நான் படிக்கக்கூடிய எழுத்தில் அவன் பெயரோடு, என்ற நினைப்பு அப்படி.

அது பொய்க்காசு என்று தெரிய 3 வாரம் ஆனது. அதற்கப்புறம் இன்னும் ரெண்டு முறை ஏமாந்தேன், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான பொய்யிடம். அதையெல்லாம் சேர்த்து எழுதி வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். சோழர் காசு மேல் ஆசைப்படும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள், அந்த ஆசையைக் கணக்குப் பண்ணி விற்கிறவர்களும் அதே அளவுக்கு இருக்கிறார்கள்.

அந்த முதல் காசை எனக்கு விற்றவர் தெரிந்தவருக்குத் தெரிந்தவர். கும்பகோணத்துப் பக்கம் ஒரு ஊரில் குளம் தூர்வாரும்போது பானையோடு கிடைத்தது, நாலு பேர் பங்கு போட்டுக்கொண்டோம், வெளியே சொல்ல வேண்டாம் என்றார். காசு முழுக்க மண். எழுத்துகளின் இடுக்கில் எல்லாம் செம்மண் இறுகிப் போயிருந்தது. அந்த மண்ணே எனக்கு அத்தாட்சியாகப் பட்டது. காவிரிக்கரையில் பிறந்து வளர்ந்தவன் நான், குளத்தடியில் கிடப்பது கருப்பு வண்டல் என்று தெரியும். அன்றைக்கு அது தோன்றவே இல்லை. ஆசை வந்துவிட்டால் தெரிந்ததும் மறந்துபோகும்.

சுவாமிமலையில் எனக்குப் பழக்கமான ஒரு அண்ணன் இருக்கிறார். மெழுகு கட்டி, மண் பூசி, உருக்கி ஊற்றி விக்கிரகம் செய்கிற வேலை, தாத்தா காலத்திலிருந்து அதுதான். காசு பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பெருமைக்காகத்தான் அவரிடம் காட்டினேன். அவர் ராஜாவைப் பார்க்கவில்லை, எழுத்தைப் பார்க்கவில்லை. காசை விளிம்போடு பிடித்து, கட்டை விரல் நகத்தால் சுற்றிலும் ஒரு முறை தடவினார். ஒரு இடத்தில் நகம் நின்றது.

“தம்பி, இது அடிச்சது இல்ல. ஊத்துனது.”

“எப்படிண்ணே சொல்றீங்க?”

“இங்க பாரு, பிசிறு. ரெண்டு அச்சு சேர்ற எடம். அரம் போட்டுத் தேச்சிருக்கான், ஆனா முழுசாப் போகல.”

அப்புறம் லென்ஸை வாங்கி ராஜாவின் மார்புப் பக்கம் காட்டினார். ஊசி முனையால் குத்தியது போல நாலைந்து குழிகள். உருக்கிய உலோகம் அச்சுக்குள் போகும்போது மாட்டிக்கொண்ட காற்று அது. ஒரு ஓரத்தில் குட்டியாக ஒரு உருண்டை மேடு. அச்சில் இருந்த காற்றுக் குமிழிக்குள் உலோகம் புகுந்தால் அப்படி மேடாக நிற்குமாம். அவர் கடையில் வார்த்தெடுத்து, இன்னும் ராவி முடிக்காத சின்னப் பிள்ளையார் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதன் வயிற்றில் அதே குழி, அதே உருண்டை.

நான் படித்து வைத்திருந்த எதுவும் சொல்லித்தராததை அந்தப் பிள்ளையார் வயிறு சொல்லித்தந்தது.

சோழர் காசு அடித்த காசு. உலோக வில்லையை ஒரு அச்சின் மேல் வைத்து, மேலே இன்னொரு அச்சை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி ஒரு அடி. அந்த அடியில் உலோகம் நசுங்கி ஓடும். விளிம்பில் வெடிப்பு விழும், வில்லை ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் ராஜாவின் தலையோ காலோ காசுக்கு வெளியே போய்விடும். உருவத்தின் ஓரங்கள் நெட்டாக, கூர்மையாக எழும். வெற்றிடமாக இருக்கும் பரப்பில்கூட உலோகம் ஓடிய மெல்லிய கோடுகள் தெரியும். வார்த்த காசில் இந்த ஓட்டம் இருக்காது. எல்லாம் கொஞ்சம் மழுங்கி, சோப்பில் பதித்தது போல இருக்கும். தேய்ந்த காசும் மழுங்கித்தானே இருக்கும் என்று கேட்கலாம், அங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறோம். தேய்மானம் மேட்டில்தான் விழும், மூக்கு, தோள், முழங்கால் என்று. பள்ளத்தில் இருக்கும் கோடு கூர்மை குறையாமல் இருக்கும். மேடும் பள்ளமும் ஒரே அளவுக்கு மழுங்கியிருந்தால் அது கைபட்ட தேய்மானம் கிடையாது.

பொய்க்காசு செய்யும் வித்தையில் பெரிய ஆட்கள் எல்லாம் இருந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்று ஒருவர், 1772-இல் பிறந்து 1830-இல் இறந்தவர். ரோமர் காசு, கிரேக்கக் காசு மட்டுமில்லாமல் இடைக்கால ஐரோப்பியக் காசுகளையும் தானே அச்சு வெட்டி அடித்தவர். புதுக்காசுகளை இரும்புத்தூள் போட்ட பெட்டியில் அடைத்து, வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவாராம், குலுங்கிக் குலுங்கிப் பழசாகட்டும் என்று. இன்றைக்கு உருளையில் மணலோடு போட்டுச் சுற்றுகிறார்கள். இரண்டிலும் விளிம்பு, முகம், பின்பக்கம் எல்லாமே ஒரே சீராகத் தேயும். கை மாறிக் கை மாறித் தேய்ந்த காசில் அந்தச் சீர் இருக்காது.

சரி, எழுத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகம் வலித்தது அதுதான்.

அந்தக் காசில் ‘சோழன்’ என்பதில் ‘சோ’வுக்கு முன்னால் இரட்டைச் சுழிக் கொம்பு இருந்தது. நாம் இன்று எழுதுகிறோமே, அதே கொம்பு. ‘சொ’வுக்கு ஒற்றைக் கொம்பு, ‘சோ’வுக்கு இரட்டைக் கொம்பு என்று பிரித்தது 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர். ராஜராஜன் ஆண்டது 985 முதல் 1014 வரை. அவன் காலத்துக் கல்வெட்டில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்புதான், இடம் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். அதோடு அந்தக் காசில் ‘ன்’ மேல் அழகாக ஒரு புள்ளி. சோழர் கல்வெட்டுகளில் புள்ளி வைத்த மெய்யெழுத்தைப் பார்ப்பதே அரிது. தஞ்சைப் பெரிய கோயில் அடிப்பீடமான அதிட்டானத்தில் வரிவரியாக வெட்டியிருக்கும் கல்வெட்டை நின்று பார்த்திருக்கிறேன், ஒன்றிரண்டு முறை இல்லை, எத்தனையோ முறை. அவ்வளவு பார்த்தும் காசைக் கையில் வாங்கியபோது எனக்கு உறைக்கவில்லை. என்னால் சுலபமாகப் படிக்க முடிந்தது என்பதற்காகவே சந்தோஷப்பட்டேன். சுலபமாகப் படிக்க முடிந்ததே சந்தேகப்பட வேண்டிய முதல் விஷயம்.

உண்மையான ராஜராஜன் காசில் தமிழ் எழுத்து கிடையாது. இன்று இந்தி எழுதுகிறார்களே, அந்த எழுத்தின் பழைய வடிவமான நாகரியில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்றிருக்கும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, எனக்கும் முதலில் மனசு ஒப்பவில்லை. கோயில் சுவரெல்லாம் தமிழில் வெட்டியவன் காசில் மட்டும் ஏன் நாகரி? காசு பல நாட்டுக்கும் போகிறது, பல மொழிக்காரன் கையிலும் புழங்குகிறது என்று காரணம் சொல்கிறார்கள், எனக்கு அது சரியாகவே படுகிறது. காரணம் எதுவாக இருந்தாலும், காசில் இருப்பது நாகரிதான். தமிழ் எழுத்து உள்ள காசு வேண்டுமென்றால் பாண்டியர்களிடம் போகலாம். 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் செப்புக்காசுகளில் ‘எல்லாந்தலையானான்’, ‘சோணாடு கொண்டான்’ என்றெல்லாம் தமிழில் உண்டு, பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

பொய்க்காசு செய்கிறவன் பழைய காசைப் பார்த்துச் செய்வதைவிட நம் மனசைப் பார்த்துத்தான் செய்கிறான். நமக்கு ராஜராஜன் என்றால் மீசை, கிரீடம், கம்பீரமான முகம், பக்கத்தில் புலி. பொய்க்காசில் அத்தனையும் இருந்தது. உண்மையான ராஜராஜன் செப்புக்காசை முதன்முறை பார்க்கிறவர்கள் இதுவா ராஜா என்று கேட்பார்கள். ஒரு பக்கம் நின்ற உருவம், குச்சி போன்ற கை கால், முகம் என்று சொல்ல ஒரு மூக்கும் கண்ணும், கையில் ஒரு பூ. பக்கத்தில் உருண்டைப் புள்ளிகள், அதற்கு மேலே பிறை. மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் கைக்குக் கீழே மேலிருந்து கீழாக நாகரி எழுத்து. வேட்டியின் மடிப்பைக்கூட ரெண்டு வளைவுக் கோட்டில் முடித்திருப்பார்கள். அந்தக் கோடுகளின் வேகம்தான் அதன் அழகு, ஆனால் அது பழகப் பழகத்தான் கண்ணுக்குத் தெரியும்.

இந்தச் செப்புக்காசு அரிதான பொருளே இல்லை. ராஜராஜன் காலத்தில் ஈழத்தின் வடபகுதி சோழர் கைக்குப் போன பிறகு அங்கேயும் இது ஏராளமாகப் புழங்கியது. சோழர் போன பின்னாலும் அங்கிருந்த மன்னர்கள் 13-ஆம் நூற்றாண்டு வரை இதே நின்ற உருவம், உட்கார்ந்த உருவத்தை வைத்துத் தங்கள் பெயரைப் போட்டு அடித்தார்கள். பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், 1197-இல் ஆட்சிக்கு வந்த லீலாவதி அரசி என்று வரிசையாக இருக்கிறது. நாகரி படிக்கத் தெரியாததால் பராக்கிரமபாகு காசை ராஜராஜன் காசு என்று வாங்கி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பொய்க்காசு இல்லை, பெயர் மாறிய உண்மைக் காசு. பத்துப் பன்னிரண்டு நாகரி எழுத்தைக் கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், அதைச் செய்யாமல் இந்தக் காசுகளுக்குள் இறங்க வேண்டாம்.

முதல் ஏமாற்றத்துக்குப் பிறகு நான் செய்த உருப்படியான காரியம் ஒன்று உண்டு. தேய்ந்த, விலை குறைந்த, யாரும் ஆசைப்படாத ராஜராஜன் செப்புக்காசுகளை 200, 300 ரூபாய் என்று ஒவ்வொன்றாக வாங்கினேன், மொத்தம் 20. எல்லாம் பல வருஷமாக இதிலேயே இருக்கிற, நம்பிக்கையான ஒரு பெரியவரிடமிருந்து. அந்த விலைக்குப் பொய்க்காசு செய்வதில் யாருக்கும் லாபமில்லை என்பதும் ஒரு காரணம். ஒவ்வொன்றையும் எடை போட்டுக் குறித்தேன். மூன்றரை கிராமிலிருந்து நாலரை கிராம் வரை போனது, ரெண்டு காசு ஒரே எடையில் இல்லை. எந்த ரெண்டிலும் புள்ளிகள் ஒரே இடத்தில் விழவில்லை. ஒன்றில் பிறை பாதி வெளியே, ஒன்றில் பாதமே இல்லை. தினமும் ராத்திரி சாப்பிட்டு முடித்து அந்த 20-ஐயும் துணி மேல் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பேன். ரெண்டு மாசத்தில் கையே சொல்ல ஆரம்பித்தது. செம்பின் கனம், விளிம்பு வெடிப்பின் சொரசொரப்பு, மேஜை மேல் போட்டால் வரும் மொத்தையான சத்தம். அரிய காசைத் தேடிப் போகிறதுக்கு முன்னால் சாதாரணக் காசோடு இப்படிக் கொஞ்ச நாள் குடித்தனம் பண்ண வேண்டும். இதற்கு மாற்று எதையும் நான் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

அப்படிப் பழகிய பிறகும் ரெண்டாவது முறை ஏமாந்தேன். இந்தத் தடவை ராஜேந்திரன். குடையின் கீழ் உட்கார்ந்த புலி, பக்கத்தில் ரெண்டு மீன், வில், சுற்றிலும் நாகரியில் ‘கங்கைகொண்ட சோழ’. எழுத்து சரி, உருவம் சரி, வார்த்த அடையாளம் ஒன்றும் இல்லை. புதிதாக அச்சு வெட்டி நிஜமாகவே அடித்திருந்தார்கள். வெள்ளி என்று சொன்னார்கள், வெள்ளி போலவே இருந்தது, 9,000 ரூபாய். உறுத்தியது ஒன்றுதான், ரொம்ப நேர்த்தியாக இருந்தது. வட்டம் முழு வட்டம், புலி நட்ட நடுவில், சுற்றி இருந்த எழுத்தில் ஒன்றுகூட வெளியே போகவில்லை.

வீட்டில் தண்ணீர்ச் சோதனை போட்டேன். இது எல்லோரும் செய்யக்கூடியது, 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் போதும். முதலில் காசைத் தனியாக எடை போட்டேன், 3.62 கிராம். அப்புறம் ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றிப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தேன். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி தொங்கவிட்டேன், அடியிலும் பக்கத்திலும் படாமல். தராசு 0.42 காட்டியது. காசு விலக்கிய தண்ணீரின் எடை அது. 3.62-ஐ 0.42-ஆல் வகுத்தால் 8.6, அதாவது காசு தண்ணீரைவிட 8.6 மடங்கு அடர்த்தி. சுத்த வெள்ளி 10.5 வர வேண்டும், பாதிக்குப் பாதி செம்பு கலந்த மட்ட வெள்ளியே 9.6 பக்கம் வரும். செம்பு 8.9, பித்தளை 8.4-லிருந்து 8.7. ஆக 8.6 வந்தால் அதில் வெள்ளியே இல்லை என்றுதான் பொருள். காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும், அதனால் முதலில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் அதே பக்கம்தான் வந்தது. ஒரு எச்சரிக்கை, ஒரு கிராமுக்கும் குறைவான குட்டிக் காசுகளில் இந்தச் சோதனையை நம்ப முடியாது, தராசின் சின்னப் பிழையே விடையைப் புரட்டிவிடும். களிம்பு தடித்த செப்புக்காசிலும் எண் குறைவாகவே வரும்.

அப்புறம் தங்கத்துக்கு டச் பார்க்கும் இடத்தில் மெஷினில் வைத்துக் காட்டச் சொன்னேன். முதல் தடவை வெள்ளி 11 சதவீதம் என்று வந்தது. நான் கொஞ்சம் குழம்பினேன். அங்கே இருந்த பையன் கெட்டிக்காரன், “சார், மெஷின் மேல்தோலைத்தான் பார்க்கும், விளிம்புல லேசா உரசட்டுமா?” என்றான். உரசிவிட்டு வைத்தால் வெள்ளி பூஜ்ஜியம். செம்பு 63, துத்தநாகம் 24, நிக்கல் 13. ஜெர்மன் சில்வர், பெயரில் மட்டும் வெள்ளி உள்ள கலப்பு உலோகம், அதன் மேல் வெள்ளி முலாம். நிக்கலைத் தனி உலோகமாக முதன்முதலில் பிரித்தது 1751-இல், சுவீடனில், குரோன்ஸ்டெட் என்பவர். பழைய உலோகத்தில் தாதுவோடு வந்த நிக்கல் தடமளவுக்கு இருந்தால் அது வேறு, 13 சதவீதம் ராஜேந்திரன் காசில் இருக்க வழியே இல்லை.

முலாம் பூசி ஏமாற்றுவது நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. சோழர் கல்வெட்டுகளில் ‘தீப்போக்குச் செம்பொன்’ என்று வரும், தீயில் இட்டுச் சோதித்த பொன். ‘அன்றாடு நற்காசு’ என்று வரும், அன்றைக்குப் புழக்கத்தில் உள்ள நல்ல காசு. நல்ல காசு என்று தனியாகச் சொல்லி எழுதிவைக்கிறார்கள் என்றால், நல்லதல்லாத காசும் அவர்கள் கையில் வந்து போயிருக்கிறது. தங்கத்தைத் தீயில் இட்டு வாங்கியவர்களின் காசை நான் வெறும் கண்ணால் பார்த்து வாங்கினேன்.

மூன்றாவது கதை சின்னது. திருச்சியில் ஒரு நண்பர் வீட்டில் அவர் சேகரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு செப்புக்காசு, உட்கார்ந்த உருவத்தின் முழங்கால் மேல் குறுக்காக ஒரு கீறல். அதே கீறலை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து என் டப்பாவைத் திறந்தால், ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொருவரிடம் நான் வாங்கிய காசில் அதே முழங்கால், அதே கீறல், விளிம்பில் அதே இடத்தில் அதே வெடிப்பு. ஒரே அச்சில் அடித்த ரெண்டு காசில் உருவம் ஒன்றாக இருக்கலாம். ஆனால் கீறலும் விளிம்பு வெடிப்பும் ஒவ்வொரு காசுக்கும் தனித்தனியாக நேர்வது. அவை ரெண்டு காசில் ஒன்றாக இருந்தால், ஒரு உண்மைக் காசிலிருந்து அச்செடுத்து ஊற்றியவை என்று முடித்துவிடலாம். அதிலிருந்து வாங்குகிற, பார்க்கிற எல்லாக் காசையும் ரெண்டு பக்கமும் விளிம்பும் படம் எடுத்து வைக்கிறேன். விளிம்பை யாரும் படம் எடுப்பதில்லை, விற்கிறவர்களும் அதைக் காட்டுவதில்லை. விளிம்புப் படம் கேட்டுக் கொடுக்காதவரிடம் நான் இப்போது வாங்குவதே இல்லை.

களிம்பு பற்றியும் சொல்ல வேண்டும். செம்பில் நூற்றாண்டுக் கணக்கில் ஏறிய களிம்பு உலோகத்தோடு ஒன்றிப்போயிருக்கும், ஒரே நிறமாகவும் இருக்காது. கரும்பச்சை, பழுப்பு, சில இடத்தில் செந்நிறம் என்று அடுக்கடுக்காக இருக்கும். ரசாயனத்தில் முக்கி எடுத்த பச்சை பளிச்சென்று, எல்லா இடத்திலும் ஒரே பச்சையாக, பெயின்ட் போலத் தெரியும். சிலது பெயின்டேதான். பஞ்சில் அசிட்டோன் நனைத்து ஓரத்தில் மெதுவாகத் தொட்டால் பச்சை பஞ்சுக்கு வந்துவிடும். உண்மைக் களிம்பை அசிட்டோன் ஒன்றும் செய்யாது. முதல் காசின் செம்மண்ணையும் அப்படித்தான் தொட்டுப் பார்த்தேன், பசையோடு இழை இழையாக வந்தது. ஆனால் புளி, எலுமிச்சை, பல் தேய்க்கும் பேஸ்ட் எதையும் காசின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பொய்யா என்று பார்க்கப் போய் உண்மைக் காசைத் தேய்த்துக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும், அந்தக் காசுகளை இப்போது பார்த்தால் வயிறு எரிகிறது.

நகல் எல்லாமே குற்றம் என்று நான் சொல்லவில்லை. 2010-இல் கொண்டாடிய பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு இந்திய அரசே 1000 ரூபாய் நினைவு நாணயம் வெளியிட்டது, தன் வருஷத்தையும் மதிப்பையும் தன் மேலேயே சொல்லும் நேர்மையான நாணயம். கோயில் வாசல்களில் ஐம்பது ரூபாய்க்கு நகல் காசு வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதிலும் தப்பில்லை. அந்த நகல் ரெண்டாவது கை, மூன்றாவது கை மாறும்போதுதான் சிக்கல். முதல் கடைக்காரர் நகல் என்று சொல்லித்தான் விற்றிருப்பார். வாங்கியவர் மண்ணில் புதைத்து எடுத்து, குளத்துக் கதையைச் சேர்த்தால் அது பொய்க்காசு. அமெரிக்காவில் 1973-லிருந்து நகல் காசில் ‘காப்பி’ என்று முத்திரை குத்தித்தான் விற்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இங்கே நான் பார்த்த நகல்கள் ஒன்றிலும் அப்படி எதுவும் இல்லை. ராமர் பட்டாபிஷேகம் போட்ட, ராமடங்கா என்று சொல்லும் பூஜைக் காசுகளும், கிழக்கிந்திய கம்பெனி 1818 என்று ஆண்டு போட்டு அனுமார் படம் அடித்த காசுகளும் வீடு வீடாகப் பூஜை அறையில் இருக்கின்றன. கம்பெனி அப்படிக் காசு அடித்ததே இல்லை. அதை வைத்து அரிசியைக் காந்தம் போல இழுக்கும் அதிசயக் காசு என்று லட்சக்கணக்கில் பணம் பறித்த வழக்குகள் நம் செய்தித்தாள்களில் எத்தனை வந்திருக்கின்றன. வீட்டில் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

குளத்தில் கிடைத்தது, கடைக்கால் தோண்டும்போது கிடைத்தது என்று யாராவது ஆரம்பித்தால் நான் இப்போது அங்கேயே எழுந்துவிடுகிறேன். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் பொருளையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கதை உண்மையாக இருந்தால் வாங்குகிற நானும் வழக்கில் மாட்டுவேன். பொய்யாக இருந்தால் காசு பொய். ரெண்டில் எதுவாக இருந்தாலும் அந்தக் காசு எனக்கு வேண்டாம். 100 வருஷத்துக்கு மேற்பட்ட காசை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியாருக்கு அனுமதி இல்லாதது. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் சொந்தக்காரர் கேட்கிறார் என்று பார்சல் போட்டுவிடாதீர்கள்.

பணம் திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். முதல் காசுக்கு வரவில்லை. விற்றவர் போனை எடுக்கவில்லை, நடுவில் இருந்த தெரிந்தவருக்கும் எனக்கும் பேச்சு நின்றுபோனது. 9,000 ரூபாய் திரும்பி வந்தது. ஒரே காரணம், வாங்கும்போது ஒரு தாளில் ‘வெள்ளி, ராஜேந்திர சோழன் காலம், உண்மையானதல்ல என்று தெரியவந்தால் 30 நாளில் பணம் திருப்பித் தரப்படும்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தேன். அவரும் நம்பித்தான் விற்றிருக்கிறார், மெஷின் தாளைப் பார்த்ததும் முகம் வாடிப்போனார். அதற்கப்புறம் எழுதிக் கொடுக்க மறுப்பவரிடம் எவ்வளவு நல்ல காசாக இருந்தாலும் கை நீட்டுவதில்லை.

அந்த ஜெர்மன் சில்வர் ராஜேந்திரனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அது இப்போது வேறு யார் கைக்குப் போயிருக்குமோ என்ற கவலை இன்றும் இருக்கிறது. அதனால் என்னிடம் மிச்சமிருந்த ரெண்டு பொய்க்காசுகளையும் சுவாமிமலை அண்ணனிடம் கொண்டுபோனேன். உளி மாதிரி ஒரு சின்ன முத்திரையை எடுத்து, ரெண்டின் பின்பக்கத்திலும் ‘ந’ என்று ஒரு எழுத்து குத்திக் கொடுத்தார். நகலுக்கு ‘ந’. இனி யார் கைக்குப் போனாலும் அது தன்னைத் தானே சொல்லிவிடும். காசு பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்மைக் காசு ஒன்று, இது ஒன்று என்று கொடுத்து, எது அடிச்சது, எது ஊத்துனது என்று கேட்பேன். பெரும்பாலும் விளிம்பைத் தடவிப் பார்த்துச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள்.

இப்போது என்னிடம் இன்னொரு வெள்ளிக்காசு இருக்கிறது. உத்தமசோழன் காலத்தது என்று சொல்லிக் கொடுத்தார்கள். எழுத்து வடிவம் சரியாக இருக்கிறது, தண்ணீர்ச் சோதனையில் 9.7 வந்தது, விளிம்பில் பிசிறு இல்லை. ஆனால் புலியின் முதுகுக்கோடு எனக்கு ஒப்பவில்லை, வேகமாக இழுத்ததாக இல்லாமல் பார்த்துப் பார்த்து வரைந்தது போல இருக்கிறது. உறை மேல் ‘ஐயம்’ என்று எழுதித் தனியாக வைத்திருக்கிறேன், இன்னும் பணம் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் சென்னை போகும்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் காசுப் பகுதியின் முன்னால் ஒரு முழு நாள் நின்று, அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு வரவேண்டும்.